போனைச் சட்டைப் பையில் ஓடவிடுமுன்: அமெரிக்கப் பள்ளிகளும் ரகசிய ரெக்கார்டிங்கும்

பள்ளியோடு தகராறு முற்றினால் பெற்றோருக்கு முதலில் தோன்றுவது, 'அடுத்த முறை பேசுவதை ரெக்கார்ட் பண்ணிவிட வேண்டும்' என்பதுதான். நேரில் ஒன்று சொல்கிறார்கள், ஈமெயிலில் வேறொன்று வருகிறது. மீட்டிங் குறிப்பைப் பார்த்தால் நாம் கேட்ட விஷயமே அதில் இல்லை. பிரின்சிபலைக் கேட்டால் 'நான் அப்படிச் சொல்லவே இல்லையே' என்கிறார். கோபம் நியாயம்தான். ஆனால் போனை ஓடவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பிரின்சிபல் அறைக்குள் போவது நியூ ஜெர்சியில் குற்றமல்ல. டெலவேர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி பென்சில்வேனியாவுக்குள் போய் அதையே செய்தால், ஏழாண்டு வரை சிறை விதிக்கக்கூடிய ஃபெலனி, அதாவது பெருங்குற்றம். அதனால் 'அமெரிக்காவில் ரகசியமாக ரெக்கார்ட் செய்யலாமா' என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எந்த மாநிலம், எந்த அறை, யாருடைய பேச்சு என்று மூன்றாகப் பிரித்துக் கேட்க வேண்டும்.

முதலில் மத்தியச் சட்டம். 1968இல் வந்து 1986இல் திருத்தப்பட்ட ஒயர்டேப் சட்டம் (ஒட்டுக்கேட்புத் தடைச் சட்டம்) அடிப்படையில் ஒரு தரப்புச் சம்மதத்தை ஏற்றுக்கொள்கிறது. பேச்சில் பங்கெடுப்பவர்களில் ஒருவர் சம்மதித்தால் போதும். அந்த ஒருவர் நீங்களாகவே இருக்கலாம். இங்கே பலர் கவனிக்காமல் விடும் சொல் 'பங்கெடுப்பவர்'. நீங்கள் அந்த அறையில் இருந்து, அந்தப் பேச்சில் ஒரு ஆளாக இருக்க வேண்டும். எழுந்து வெளியே போன நிமிடத்தில் உங்கள் சம்மதமும் உங்களோடு வெளியே போய்விடுகிறது. குற்றம் செய்யவோ ஒருவருக்குச் சட்டவிரோதமாகத் தீங்கு செய்யவோ பதிவு செய்தால் இந்த விலக்கு கிடையாது. மீறினால் ஐந்தாண்டு வரை சிறை. அது தவிர, பாதிக்கப்பட்டவர் சிவில் வழக்குப் போட்டால் நாளொன்றுக்கு 100 டாலர் அல்லது 10,000 டாலர், எது அதிகமோ அதை நீதிமன்றம் விதிக்கலாம்.

மத்தியச் சட்டம் தரைதான். அதற்கு மேல் மாநிலங்கள் கடுமையாக்கிக்கொள்ளலாம், சில ஆக்கியும் இருக்கின்றன. நியூ யார்க், நியூ ஜெர்சி, டெக்சஸ், ஜார்ஜியா, வட கரோலினா, வர்ஜீனியா, ஒஹாயோ போன்ற பெரும்பாலான மாநிலங்களில் ஒரு தரப்புச் சம்மதம் போதும். கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஃப்ளோரிடா, மேரிலாண்ட், மாசசூசெட்ஸ், பென்சில்வேனியா, இல்லினாய், நியூ ஹாம்ப்ஷயர், மான்டானா ஆகியவை பொதுவாக 'அனைத்துத் தரப்புச் சம்மதம்' என்ற கூடையில் போடப்படுகின்றன. கூடை ஒன்றானாலும் உள்ளே இருப்பவை ஒன்றல்ல.

கலிஃபோர்னியா தண்டனைச் சட்டத்தின் 632ஆம் பிரிவு 'அந்தரங்கமான பேச்சு' என்று எதைச் சொல்கிறதோ அதற்கு மட்டுமே பொருந்தும். யாரும் ஒட்டுக்கேட்கவில்லை, பதிவு செய்யவில்லை என்று பேசுபவர் நியாயமாக நம்பக்கூடிய சூழலா என்பதே அளவுகோல். கதவைச் சாத்திக்கொண்டு பிரின்சிபல் அறையில் பேசுவது பெரும்பாலும் அதற்குள் வரும். ஒரு மீறலுக்கு 2,500 டாலர் வரை அபராதம், ஓராண்டு வரை உள்ளூர்ச் சிறை அல்லது மாநிலச் சிறை, சிவில் வழக்கில் மீறலுக்கு 5,000 டாலர். இதையெல்லாம் விடப் பெற்றோருக்கு வலிப்பது இன்னொன்று: அப்படி எடுத்த பதிவைச் சிவில் வழக்கில் ஆதாரமாகக் காட்ட முடியாது. எதற்காக ஆபத்தை ஏற்றீர்களோ, அதற்கே அது பயன்படாது.

மாசசூசெட்ஸ் இன்னும் கறார். அங்கே அந்தரங்க எதிர்பார்ப்பு இருந்ததா என்ற கேள்விக்கே இடமில்லை; ரகசியமாகப் பதிவு செய்தாலே குற்றம். தன்னை நிறுத்திய போலீஸ்காரர்களின் பேச்சைத் தன் காருக்குள்ளேயே ரகசியமாகப் பதிவு செய்த ஒருவரின் தண்டனையை அம்மாநில உயர் நீதிமன்றம் 2001இல் உறுதி செய்தது. ஆனால் அதே சட்டத்தில் வழியும் இருக்கிறது. தடை ரகசியத்துக்குத்தான். போனை மேசைமேல் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்து, 'பதிவு ஓடுகிறது' என்று சொல்லிவிட்டால் அது ரகசியமல்ல.

வாஷிங்டன் மாநிலச் சட்டம் இதை இன்னும் தெளிவாக எழுதி வைத்திருக்கிறது: பதிவு செய்யப்போவதை ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்து, அந்த அறிவிப்பும் பதிவிலேயே இருந்தால், சம்மதம் பெற்றதாகவே கொள்ளப்படும். ஆக, ரெக்கார்டிங்கை அழுத்திய பிறகுதான் அறிவிக்க வேண்டும். அறிவித்துவிட்டு அழுத்தினால் அறிவிப்புக்குச் சாட்சி இருக்காது.

ஓரிகானும் நெவாடாவும் அக்கம்பக்கம், விதி தலைகீழ். ஓரிகானில் போன் பேச்சுக்கு ஒருவர் சம்மதம் போதும், நேரில் பேசுவதற்கு எல்லோருக்கும் தெரிவிக்க வேண்டும். நெவாடாவில் நேர்ப் பேச்சுக்கு ஒருவர் போதும், போனுக்கு எல்லோரும் சம்மதிக்க வேண்டும். ஓரிகான் விதியை எதிர்த்து நடந்த வழக்கில் ஒன்பதாம் மண்டல மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 ஜனவரியில் அந்த விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதற்கு முன் 2023இல் அதே நீதிமன்றத்தின் சிறிய அமர்வு செல்லாது என்று சொல்லியிருந்தது. பழைய செய்தியைப் படித்துவிட்டு நடப்பவர்கள் மாட்டிக்கொள்வது இப்படித்தான். இல்லினாயும் அப்படியே: 2014 மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றம் பழைய சட்டத்தை ரத்து செய்தது, அதே ஆண்டு டிசம்பரில் புதிய சட்டம் வந்துவிட்டது. 2018இல் அங்கே 13 வயது மாணவன் ஒருவன் பிரின்சிபலுடனும் துணை பிரின்சிபலுடனும் பேசியதைப் போனில் பதிவு செய்தான். சுமார் பத்து நிமிடம் கழித்துப் 'பதிவு செய்கிறேன்' என்று அவனே சொன்னான். பேச்சு அத்தோடு நின்றது. பிறகு அவன்மேல் ஃபெலனி வழக்கு வந்தது. முதல் நிமிடத்தில் சொல்லியிருந்தால் கதை வேறு.

'அவர்கள் நம் வரிப் பணத்தில் சம்பளம் வாங்குபவர்கள், அரசு ஊழியருக்கு ஏது அந்தரங்கம்?' என்ற வாதம் எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் வாயிலிருந்து வரும். பாதி உண்மை. பொது இடத்தில் கடமையில் இருக்கும் போலீஸைப் பதிவு செய்யும் உரிமையைப் பல மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. ஃப்ளோரிடாவில் போலீஸ் தலைவர் அறையில் நடந்த சந்திப்பைப் பதிவு செய்தவருக்குச் சாதகமாக 2017இல் பதினோராம் மண்டல நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அது அந்தச் சந்திப்பின் குறிப்பிட்ட சூழலை வைத்துச் சொன்னது. பள்ளி அறைக்கு அதை அப்படியே தூக்கிக்கொண்டு வர முடியாது. 2024 ஜனவரியில் முதல் மண்டல நீதிமன்றம் நேரடியாகவே சொல்லிவிட்டது: ஸ்பெஷல் எஜுகேஷன் (சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான கல்வி) மீட்டிங்கை வீடியோ எடுக்க, பேச்சுரிமையைக் காக்கும் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் பெற்றோருக்கு உரிமை தரவில்லை. அந்த வழக்கு நடந்தது மாசசூசெட்ஸில். பள்ளி ஆடியோ பதிவுக்கு ஒப்புக்கொண்டிருந்தது, பெற்றோர் வீடியோதான் வேண்டும் என்றார். ஆடியோ கிடைத்தால் வாங்கிக்கொள்வது நல்லது. காதில் விழுவதே வழக்குக்குப் போதும்.

ஸ்கூல் போர்டின் பொதுக் கூட்டம் வேறு கணக்கு. கலிஃபோர்னியாவின் பிரவுன் சட்டம், டெக்சஸின் திறந்த கூட்டச் சட்டம், நியூ யார்க்கின் அதே மாதிரிச் சட்டம் எல்லாம் இடையூறு இல்லாமல் யாரும் பதிவு செய்யலாம் என்கின்றன. மாசசூசெட்ஸில் மட்டும் தலைவரிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும், அவர் கூட்டத்துக்கு அறிவிப்பார்.

இனி, உண்மையில் அதிகம் சிக்கலாகும் இடம்: பிள்ளையின் புத்தகப் பையில் ரெக்கார்டர் வைப்பது. பேசத் தெரியாத, நடந்ததைச் சொல்ல முடியாத பிள்ளையின் பெற்றோருக்கு வேறு வழியே இல்லை என்று தோன்றும். அந்தத் தவிப்பைக் குறை சொல்வதற்கில்லை. சட்டத்தில் இதற்கு ஒரே ஒரு தாங்கல்தான்: பிள்ளையின் நலனுக்காகப் பெற்றோர் பிள்ளை சார்பில் சம்மதம் தரலாம் என்ற கோட்பாடு. 1998இல் ஆறாம் மண்டல நீதிமன்றம் இதை ஏற்றது. ஆனால் அது வீட்டுப் போன் பேச்சு பற்றிய வழக்கு. வகுப்பறையில் அந்த ரெக்கார்டர் பிடிப்பது உங்கள் பிள்ளையோடு பேசுவதை மட்டுமா? ஆசிரியர் உதவியாளரிடம் பேசுவது, பக்கத்துப் பிள்ளையைத் திட்டுவது எல்லாமே விழும். அந்தப் பேச்சுகளில் உங்கள் பிள்ளை ஒரு தரப்பே அல்ல. ஒரு தரப்புச் சம்மதம் போதுமான வர்ஜீனியாவிலேயே 2017இல் மகளின் பையில் ரெக்கார்டர் வைத்த தாய்மீது ஃபெலனி வழக்குப் பதிவானது, பிறகு கைவிடப்பட்டது. மாறாக, பள்ளிப் பேருந்து ஓட்டுநரின் மிரட்டலைப் பிடித்த பதிவை 2008இல் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் ஏற்றது. பேருந்தில் ஓட்டுநருக்கு அந்தரங்க எதிர்பார்ப்பு இல்லை என்றது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும்: முடிவு பதிவு செய்த பிறகுதான் தெரியும். கலிஃபோர்னியாவில் இந்தச் சூதாட்டத்துக்கும் இடமில்லை. ஆசிரியரும் பிரின்சிபலும் முன்கூட்டிச் சம்மதிக்காமல் வகுப்பறையில் பதிவுக் கருவி பயன்படுத்துவதைக் கல்விச் சட்டத்தின் 51512ஆம் பிரிவு தனியாகவே தடை செய்கிறது. டெக்சஸில் இதற்கு நேர்வழி உண்டு: சில ஸ்பெஷல் எஜுகேஷன் வகுப்பறைகளில் பெற்றோர் எழுத்தில் கேட்டால் பள்ளியே கேமரா வைக்க வேண்டும்.

இன்னொரு பொறி, 'மறந்து' போனை அறையில் விட்டுவிட்டு வெளியே போவது. பள்ளிக் குழு தனியாகப் பேச ஐந்து நிமிடம் கேட்கும். பெற்றோர் வராந்தாவில் நிற்பார்கள், போன் மேசையில் ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஐந்து நிமிடத்துக்கு நீங்கள் தரப்பு அல்ல. ஐம்பது மாநிலங்களிலும் இது ஆபத்து. இடைவேளை என்றால் பதிவை நிறுத்துங்கள், அல்லது போனைக் கையோடு எடுத்துப் போங்கள்.

ஹெச்1பி அல்லது கிரீன் கார்டு வரிசையில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. விசா விண்ணப்பமான டி.எஸ்.-160 நீங்கள் எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா என்று கேட்கிறது. தண்டனை பெற்றீர்களா என்று மட்டும் கேட்பதில்லை. கிரீன் கார்டு விண்ணப்பமான ஐ-485உம் அப்படியே. வழக்கு தள்ளுபடியானாலும் அந்தக் கட்டத்தில் 'ஆம்' என்றுதான் நிரப்ப வேண்டும். பிரின்சிபலை ஒரு பொய்யில் பிடிக்க இது அதிக விலை.

அதனால்தான் நாங்கள் எல்லாப் பெற்றோரிடமும், ஒரு தரப்பு மாநிலக்காரர்களிடமும்கூட, சொல்வது: ஒளிக்காமல், அறிவித்தே பதிவு செய்யுங்கள். ரகசியப் பதிவு ஒருவரை மாட்டவைக்கும், அவ்வளவுதான். அறிவித்த பதிவு அவரை எச்சரிக்கையாகப் பேச வைக்கும், வாக்குக் கொடுத்தால் அதில் நிற்க வைக்கும். பிள்ளைக்கு வேண்டியது வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஸ்பீச் தெரபி என்றால், இரண்டாவதுதான் உதவும். அதோடு, அடுத்த ஆண்டும் அதே ஆட்களோடுதான் உட்கார வேண்டும்.

ஐ.இ.பி. (பிள்ளைக்கென்று வகுக்கும் தனிக் கல்வித் திட்டம்) மீட்டிங்கைப் பொறுத்தவரை, மாற்றுத்திறன் பிள்ளைகளின் கல்விக்கான ஐ.டி.இ.ஏ. என்ற மத்தியச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. மாநிலமோ டிஸ்ட்ரிக்டோ (வட்டாரப் பள்ளி நிர்வாகம்) கொள்கை வகுக்கலாம், தடையும் விதிக்கலாம். ஆனால் அந்தத் தடையில் ஒரு ஓட்டை கட்டாயம் இருக்க வேண்டும் என்பது மத்தியக் கல்வித் துறையின் நிலை: பெற்றோர் ஐ.இ.பி.யைப் புரிந்துகொள்ளப் பதிவு தேவை என்றால் விலக்கு அளிக்க வேண்டும். கனெக்டிகட்டில் 1990இல் டேனிஷ் தாய்மொழி கொண்ட, ஆங்கிலம் சரளமில்லாத ஒரு தாய்க்கு மத்திய நீதிமன்றம் இந்த உரிமையைக் கொடுத்தது. வீட்டில் தமிழ் பேசும் பெற்றோரும் இந்தத் தீர்ப்பைச் சுட்டிக்காட்டிக் கேட்கலாம், ஆனால் கேட்பவர்கள் குறைவு. 'நான் ஐ.டி.யில் வேலை செய்கிறேன், எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று எப்படிச் சொல்வது?' என்று கூச்சப்படுகிறார்கள். தெரியாது என்று சொல்ல வேண்டியதில்லை. உளவியல் மதிப்பீட்டு மொழியும் சட்டச் சொற்களும் வேகமாக வரும்போது பின்தொடர முடிவதில்லை, பிறகு கேட்டு வாழ்க்கைத் துணையோடு தமிழில் பேசிப் புரிந்துகொள்ளப் பதிவு தேவை என்று எழுதினால் அது உண்மை, போதுமானதும்கூட. மொழிபெயர்ப்பாளர் தேவை என்றால் அதையும் டிஸ்ட்ரிக்ட்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

கலிஃபோர்னியாவில் 24 மணி நேரம் முன்னதாகத் தெரிவித்தால் ஐ.இ.பி. மீட்டிங்கை ஆடியோ பதிவு செய்வது பெற்றோரின் உரிமை. பள்ளி பதிவு செய்ய நினைத்தாலும் அதே 24 மணி நேர அறிவிப்புத் தர வேண்டும், பெற்றோர் மறுத்தால் செய்யக்கூடாது. வர்ஜீனியாவில் டிஸ்ட்ரிக்ட் ஆடியோ பதிவை மறுக்க முடியாது; நீங்கள் முன்கூட்டி எழுத்தில் தெரிவிக்கவில்லை என்றால் பதிவின் பிரதியைக் கொடுக்க வேண்டிவரும். மற்ற மாநிலங்களில் டிஸ்ட்ரிக்டின் இணையதளத்தில் போர்டு கொள்கைத் தொகுப்பைத் திறந்து 'ரெக்கார்டிங்' என்று தேடுங்கள். கொள்கை இல்லை என்றால் அதையே ஈமெயிலில் எழுதுங்கள்: இன்ன தேதி மீட்டிங்கை ஆடியோவாகப் பதிவு செய்வேன், தடை ஏதும் இருந்தால் அந்தக் கொள்கையின் பிரதியை மீட்டிங்குக்கு முன் அனுப்புங்கள். ஐந்து வேலை நாள் இடைவெளி கொடுத்தால் யாரும் திடீரென்று என்று குறை சொல்ல முடியாது. பள்ளி தானும் பதிவு செய்து வைத்திருந்தால் அது பிள்ளையின் கல்வி ஆவணம் ஆகிறது. ஃபெர்பா என்ற மாணவர் ஆவணச் சட்டப்படி நீங்கள் கேட்ட 45 நாளுக்குள் பார்க்கக் கேட்க விட வேண்டும்.

மீட்டிங் அன்று போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். நடுவில் அழைப்பு வந்தால் சில போன்களில் பதிவு நின்றுவிடும், அது வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியும். இரண்டாவது கருவி ஒன்று இருக்கட்டும். ஏசி காற்று வரும் இடத்திலும் லேப்டாப் விசிறிக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். மேசை நடுவில், மடித்த காகிதத்தின் மேல் வைத்தால் மேசைத் தட்டல் குறையும். சாதாரண சுருக்க வடிவத்தில் ஒரு மணி நேரம் சுமார் 30 எம்.பி.தான், இடம் பிரச்சினை இல்லை. பதிவை அழுத்தியதும் தேதி, நேரம், இடம், பிள்ளையின் பெயர், பதிவு செய்கிறேன் என்ற அறிவிப்பு. பிறகு ஒவ்வொருவரையும் பெயரும் பொறுப்பும் சொல்லச் சொல்லுங்கள். பத்துப் பேர் மேசையில் இந்த ஒரு நிமிடம் இல்லாவிட்டால், ஆறு மாதம் கழித்து எந்தக் குரல் யாருடையது என்று உங்களுக்கே தெரியாது. யாராவது தலையசைத்தால் 'நீங்கள் ஆம் என்கிறீர்கள், சரிதானே?' என்று வாய்விட்டுக் கேளுங்கள். யாராவது மறுத்து மீட்டிங்கை நிறுத்தினால் வாதாட வேண்டாம்; மறுத்தவர் பெயரையும் காரணத்தையும் குறித்து, அன்றே ஈமெயிலில் எழுதிவிடுங்கள்.

போனிலும் ஜூமிலும் பேசும்போது யார் எந்த மாநிலத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது முக்கியம். ஜார்ஜியாவிலிருந்து பதிவு செய்த அழைப்புக்குக் கலிஃபோர்னியாவில் இருந்தவர் தொடர்பில் கலிஃபோர்னியாச் சட்டமே பொருந்தும் என்று 2006இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் சொன்னது. நீங்கள் டெக்சஸில் இருந்தாலும், மதிப்பீடு செய்த உளவியலாளர் வேறு மாநிலத்திலிருந்து இணைந்தால், கடுமையான சட்டம் எதுவோ அதையே பின்பற்றுங்கள். ஐபோனில் 18.1 பதிப்பிலிருந்து வந்த அழைப்புப் பதிவு வசதி இரு பக்கமும் கேட்கும்படி அறிவித்துவிடும், அது நல்லதே. இப்போது பலர் பயன்படுத்தும் ஏஐ குறிப்பெடுப்புச் செயலிகளும் பதிவுக் கருவிதான். சத்தமில்லாமல் பின்னணியில் ஓடினாலும் சட்டத்துக்கு வித்தியாசம் இல்லை, போதாததற்குப் பிள்ளையின் மருத்துவ விவரம் ஒரு நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது.

பதிவு முடிந்ததும் மூலக் கோப்பைத் தொடாதீர்கள். வெட்டுவது, சத்தம் கூட்டுவது, பெயர் மாற்றுவது எல்லாம் பிரதியில். கோப்பின் கைரேகை மாதிரியான எஸ்.எச்.ஏ.-256 மதிப்பைக் கணக்கிட்டு உங்களுக்கே ஈமெயில் அனுப்பி வைத்தால், கோப்பு மாறவில்லை என்று பின்னால் காட்ட முடியும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதியை மூலமாக நினைக்காதீர்கள், அது சுருக்கப்பட்டிருக்கலாம். அன்று இரவே முக்கியமான இடங்களின் நிமிடக் கணக்கைக் குறித்து வையுங்கள். பெற்றோர் குழுவில் ஆடியோவைப் பகிர்வது பெரும் தவறு. சட்டவிரோதமாகப் பதிவு செய்ததைத் தெரிந்தே வெளியிடுவது மத்தியச் சட்டத்தில் தனிக் குற்றம். 2001இல் பென்சில்வேனியா ஆசிரியர் சங்க போன் பேச்சை ஒலிபரப்பிய வானொலிக்காரரை உச்ச நீதிமன்றம் காப்பாற்றியது என்று சிலர் சொல்வார்கள். காப்பாற்றியது ஒலிபரப்பியவரை. பதிவு செய்த ஆளை அல்ல.

பதிவே வேண்டாம் என்றாலும் அதே வேலையைச் செய்யும் ஆயுதம் உண்டு. மீட்டிங் முடிந்த 24 மணி நேரத்துக்குள் ஒரு ஈமெயில்: இன்னார் இன்னது சொன்னார், நான் இதைக் கேட்டேன், இது மறுக்கப்பட்டது, என் புரிதல் தவறென்றால் இன்ன தேதிக்குள் திருத்துங்கள். பதில் வராவிட்டால் அதுவும் ஆவணம். ஸ்பெஷல் எஜுகேஷனில் பள்ளி எதையாவது மறுத்தால், மறுத்ததை, காரணத்தை, எந்த மதிப்பீட்டை வைத்து மறுத்தது என்பதை 'முன்கூட்டிய எழுத்து அறிவிப்பு' என்ற ஆவணமாகத் தர வேண்டும். வாய்மொழியாக 'முடியாது' என்றவர்கள் இதைக் கேட்டதும் பலமுறை நிலையை மாற்றிக்கொள்கிறார்கள். அடுத்த கட்டமான விசாரணைக்குப் போனால் அங்கே வார்த்தைக்கு வார்த்தை பதிவு பெறுவது பெற்றோரின் உரிமை, கேட்காமலே கிடைக்கும் என்று நினைத்தாலும் எழுத்தில் கேட்டு வையுங்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் மத்திய நிதியில் இயங்கும் பெற்றோர் பயிற்சி மையம் ஒன்றாவது இருக்கிறது. இந்தக் கடிதங்களை எழுத இலவசமாக உதவுவார்கள்.

கடுமையான மாநிலத்தில் ஏற்கெனவே ரகசியமாகப் பதிவு செய்துவிட்டவர்கள் அதை யாருக்கும் அனுப்ப வேண்டாம், 'என்னிடம் ஆதாரம் இருக்கிறது' என்று பள்ளிக்கு ஈமெயில் எழுதவும் வேண்டாம். பயந்துபோய் அழித்துவிடவும் கூடாது. வழக்கு வரும் நிலையில் அழித்தது தனிப் பிரச்சினையாகும். கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, அந்த மாநிலத்தில் பயிற்சி செய்யும் குற்றவியல் வழக்கறிஞரை முதலில் பாருங்கள். கல்விச் சட்ட வழக்கறிஞரைப் பார்ப்பது அதற்குப் பிறகு.